ஷூகேஸ் இசையை ஒருவர் கொண்டாட இன்னொருவர் ஏன் திட்டுகிறார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த பிள்ளைகள் நான்கு பேர் சேர்ந்து ஒரு குழு நடத்துகிறார்கள். தமிழில் பாடும் ஷூகேஸ், அதோடு கொஞ்சம் இண்டி பொப். மேடையில் அவர்களுக்குச் சவுண்ட் பார்ப்பது நான். முதல் பாட்டுகளை இணையத்தில் போட்டதிலிருந்து ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன: பெற்றோரிடமிருந்து, கூடப் படித்தவர்களிடமிருந்து, புதிதாகக் குழு தொடங்கும் தம்பி தங்கைகளிடமிருந்து. ஒவ்வொருவருக்கும் வட்ஸ்அப்பில் தனித்தனியாக எழுதுவதைவிட ஓரிடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று பட்டது. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். குழுவின் பெயரைப் போடவில்லை, ஏனென்றால் இந்தக் கேள்விகள் அவர்களுக்கு மட்டும் உரியவை அல்ல.

அண்ணா, ஷூகேஸ் எண்டா என்ன? இண்டி பொப்புக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

1980களின் கடைசியில் பிரித்தானியா, அயர்லாந்துப் பக்கத்திலிருந்து வந்த இசை. கிட்டாரைப் பல பெடல்களுக்கூடாக (காலால் மிதித்து ஒலியை மாற்றும் சின்னப் பெட்டிகள்) விட்டு, டிஸ்டோர்ஷன் (கரகரப்பு), ரிவேர்ப் (மண்டபத்தில் போன்ற முழக்கம்), டிலே (பிந்தித் திரும்ப வரும் ஒலி) எல்லாம் சேர்த்து, எங்கே ஒரு சுரம் முடிகிறது எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று தெரியாத அளவுக்கு ஒலியைத் தடிப்பாக்குவார்கள். குரல் அதற்கு மேலே நிற்காது, உள்ளே இருக்கும். டப்ளினில் தொடங்கிய மை பிளடி வேலன்டைன், ரெடிங்கின் ஸ்லோடைவ், ஒக்ஸ்போர்டின் ரைட், லண்டனின் லஷ் ஆகியவை முக்கியமான பெயர்கள். மேடையில் தலையைக் குனிந்து காலடியைப் பார்த்தபடியே வாசிக்கிறார்கள் என்று லண்டன் இசைப் பத்திரிகைகள் நக்கலாக வைத்த பெயர்தான் ஷூகேஸ். பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

இண்டி பொப் என்பது சின்னச் சின்ன, மெட்டுள்ள, கூச்ச சுபாவமுள்ள பாட்டுகள். என்.எம்.ஈ. பத்திரிகை 1986இல் வெளியிட்ட ஒரு கசெட் தொகுப்பை அதன் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாகச் சொல்வார்கள். இரண்டும் சேரும்போது இரைச்சலுக்கு அடியில் முணுமுணுக்கக்கூடிய ஒரு மெட்டு இருக்கும். இன்றைக்கு அதைக் கேட்டுப் பார்க்க வேண்டுமென்றால் கனடாவின் ஆல்வேஸ் குழுவிலிருந்து தொடங்குங்கள். அவர்கள் ரொறன்ரோவில் இருப்பவர்கள். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு அந்த ஊரில் ஒரு மாமாவோ மச்சாளோ இருப்பதால், மேடையில் நேரே பார்த்தவர்களும் உங்கள் குடும்பத்திலேயே இருக்கக்கூடும்.

பாடுறது ஒண்டும் விளங்குதில்லையே. ரெக்கோர்டிங் பிழைச்சுப் போச்சா?

இல்லை, வேண்டுமென்றே செய்தது. அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நாம் ஒரு சொல்லைப் பிரித்தறிவது பெரும்பாலும் மெய்யெழுத்துகளின் விளிம்பை வைத்து. அந்த விளிம்பு ஏறத்தாழ 2,000 முதல் 4,000 ஹேர்ட்ஸ் வரையிலான பகுதியில் இருக்கிறது. டிஸ்டோர்ஷன் போட்ட கிட்டாரும் அதே இடத்தில்தான் வந்து குந்தும். சினிமாப் பாட்டு மிக்ஸ் பண்ணுபவர் அங்கே கிட்டாரைக் குறைத்துக் குரலுக்கு வழி விடுவார். ஷூகேஸில் அப்படி விடுவதில்லை. 'ட', 'க', 'ச' எல்லாம் கரைந்து, உயிரெழுத்துகள் மட்டும் நீண்டு கேட்கும். குரலும் ஒரு வாத்தியமாகிவிடும்.

மை பிளடி வேலன்டைனின் கெவின் ஷீல்ட்ஸ் கிட்டாரின் ட்ரெமொலோ கம்பியை (சுருதியை அசைக்கும் சின்னப் பிடி) கைக்குள் பிடித்தபடியே தந்திகளை அடிப்பார். அதனால் ஒவ்வொரு அடியிலும் சுருதி கொஞ்சம் சரிந்து திரும்பும். 1991இல் வந்த அவர்களின் 'லவ்லெஸ்' ஆல்பம் முழுக்க அந்தச் சரிவு இருக்கிறது. அதன் நடுவே பிலிண்டா புட்சரின் குரல் தூக்கத்தில் பாடுவது போல வரும்.

இன்னொன்று: எதில் கேட்கிறீர்கள் என்பது முக்கியம். எங்கள் குழுவின் பாட்டைக் குசினி மேசையில் போனை வைத்துப் போட்டால் பேஸ் முழுக்கக் காணாமல் போய், கிட்டாரும் குரலும் சிம்பலும் ஒரே குறுகிய இடத்துக்குள் முண்டியடிக்கும். 100ஆம் இலக்க பஸ்ஸில் ஒரு காதில் மட்டும் இயர்போன் போட்டாலும் அதே கதைதான், ஏனென்றால் இடது கிட்டார் ஒன்று, வலது கிட்டார் ஒன்று. நல்ல ஹெட்போனில், இரண்டு காதிலும், ஒரு தரம் கேளுங்கள்.

அப்பா இது வெறும் இரைச்சல் எண்டுறார். அவருக்கு என்ன சொல்ல?

அப்பா கச்சேரி கேட்பவர் என்றால் தம்புராவை நினைவுபடுத்துங்கள். இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்தில் பாடகர் வாய் திறக்க முதலே அந்தச் சுருதி ஓடத் தொடங்கி, முடியும்வரை நிற்பதில்லை. அதை யாரும் இரைச்சல் என்பதில்லை, அதன்மேல்தான் ராகம் நிற்கிறது. ஷூகேஸில் கிட்டார்கள் செய்வது அந்த வேலைதான், சத்தம் மட்டும் பல மடங்கு கூட.

அதற்குமேல் வற்புறுத்த வேண்டாம். அவருக்குப் பிடிக்காமல் போவதற்கு முழு உரிமை இருக்கிறது. மகன் வாசிக்கிறான் என்பதற்காகப் பிடித்ததாகச் சொல்லும் அப்பாவைவிட, பிடிக்கவில்லை என்று நேரே சொல்லும் அப்பாவின் சொல் பிள்ளைகளுக்கு அதிகம் உதவும்.

இப்ப எல்லாரும் ஸ்லோடைவைத் தலையில வைச்சுக் கொண்டாடுகினம். அந்தக் காலத்து விமர்சகர்கள் ஏன் அவ்வளவு திட்டினவை?

தொடக்கத்தில் திட்டவில்லை. 1990, 91இல் வந்த முதல் வெளியீடுகளை அதே பத்திரிகைகள் பாராட்டி எழுதின. 'லவ்லெஸ்' வந்தபோதும் விமர்சகர்கள் பெரும்பாலும் வாழ்த்தினார்கள். விற்பனைதான் போட்ட பணத்துக்கும் பட்ட பாட்டுக்கும் ஈடாகவில்லை. பாட்டுகளை வெளியிட்ட கிரியேஷன் லேபிள் மை பிளடி வேலன்டைனைக் கைவிட்டது.

பிறகு காற்று மாறிப்போனது. 1991 செப்டம்பரில் அமெரிக்க ரொக் குழுவான நிர்வாணாவின் இரண்டாவது ஆல்பம் வந்து எல்லாருடைய கண்ணும் அமெரிக்காவுக்குத் திரும்பியது. 1993 முதல் பிரித்தானியப் பத்திரிகைகள் ஸ்வேட், பிளர், ஒயேசிஸ் என்று பிரிட்பொப்பை (அந்தக் காலத்துப் பிரித்தானிய கிட்டார் பொப் அலை) தூக்கிப் பிடித்தன. கிழமைக்குக் கிழமை வரும் பத்திரிகைக்குப் புதிதாக ஒரு நாயகன் தேவை, அவனுக்கு எதிரே ஒரு பழையவனும் தேவை. ஷூகேஸ் குழுக்கள் அந்தப் பழையவன் ஆனார்கள். தென் இங்கிலாந்தின் வசதியான வீட்டுப் பிள்ளைகள், அரசியல் பேசாதவர்கள், பேட்டியில் சத்தமாகக் கதைக்காதவர்கள், ஒருவர் நிகழ்ச்சிக்கு மற்றவர் போய் நிற்பவர்கள் என்பதெல்லாம் குற்றச்சாட்டுகளாயின. தங்களைத் தாங்களே கொண்டாடும் கூட்டம் என்று மெலடி மேக்கர் பத்திரிகை முன்பே பெயர் வைத்திருந்தது.

1993இல் ஸ்லோடைவின் இரண்டாவது ஆல்பம் 'சூவ்லாக்கி' வந்தது. இதை இன்னொரு தரம் கேட்பதைவிடக் கஞ்சி நிரப்பிய குளியல் தொட்டியில் மூச்சடைத்துச் சாகலாம் என்ற பொருளில் மெலடி மேக்கரில் ஒருவர் எழுதினார். 1995இல் மூன்றாவது ஆல்பம் வந்த கையோடு கிரியேஷன் அவர்களையும் விட்டது. அந்த விமர்சனங்களைத் திரும்ப வாசித்தால் ஒன்று தெளிவாகத் தெரியும்: ஒலியைப் பற்றிய வரிகள் மிகக் குறைவு. அந்தப் பிள்ளைகள் யார், எந்த வீட்டிலிருந்து வந்தவர்கள், எந்த வருடத்தில் வந்தவர்கள் என்பதற்குத்தான் தீர்ப்பு எழுதப்பட்டது. ஒரு விமர்சனம் உங்களுக்கு வலிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். எழுதியவர் பாட்டைக் கேட்டுத்தான் எழுதினாரா?

அப்ப யார் அந்தத் தீர்ப்பை மாத்தினது? விமர்சகர்களே மனம் மாறினவையா?

கேட்டவர்கள்தான். லண்டன் பத்திரிகைச் சண்டைகளை வாசித்திராத ஒரு தலைமுறை, வேறு நாடுகளில், இணையத்தில் பாட்டுகளை ஒருவருக்கொருவர் அனுப்பிக் கேட்டது. அவர்களுக்கு ஸ்லோடைவ் எந்த வீட்டுப் பிள்ளைகள் என்பது தெரியாது, தெரிந்தாலும் அக்கறை இல்லை. 2002இல் ஜெர்மனியின் மோர் மியூசிக் என்ற இலத்திரனியல் இசை லேபிள், ஸ்லோடைவுக்கு மரியாதை செய்து ஒரு தொகுப்பையே வெளியிட்டது. கிட்டாரே தொடாத இசைக்கலைஞர்கள் பலர் அந்த ஒலியிலிருந்து படித்திருந்தார்கள் என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது.

2014இல் குழு திரும்பச் சேர்ந்து பார்சிலோனாவின் ப்ரிமவேரா விழாவில் வாசித்தது. முன்னால் நின்றவர்களில் பலர் 'சூவ்லாக்கி' வந்தபோது பிறந்தே இருக்கமாட்டார்கள். 2017இல் அவர்கள் வெளியிட்ட ஆல்பத்தை விமர்சகர்கள் ஏறக்குறைய ஒரே குரலில் வரவேற்றார்கள். 2023இல் வந்தது பிரித்தானியப் பட்டியலில் முதல் பத்துக்குள் போனது. மெலடி மேக்கர் 2000ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது.

இதை வைத்து, திட்டு வாங்கிய ஒவ்வொரு குழுவும் ஒருநாள் கொண்டாடப்படும் என்று முடிவு கட்டாதீர்கள். காணாமல் போன குழுக்கள் எத்தனையோ. இந்த இசையில் முதல் தீர்ப்பை நம்பி அவசரப்படக் கூடாது என்பதற்கு மட்டும் இது போதுமான சான்று.

பிட்ச்போர்க் ஸ்கோர், மெட்டாகிரிட்டிக் நம்பர் எல்லாம் பாக்கலாமா?

பாருங்கள், ஆனால் எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு பாருங்கள். பிட்ச்போர்க் என்ற இசை விமர்சனத் தளத்தில் 0.0 முதல் 10.0 வரை தசமத்தோடு புள்ளி போடுவார்கள். 7.8க்கும் 8.1க்கும் இடையில் இருப்பது ஒரு எழுத்தாளரின், ஓர் ஆசிரியர் குழுவின் அப்போதைய அபிப்பிராயம், அவ்வளவுதான். மெட்டாகிரிட்டிக் பல விமர்சனங்களை நூற்றுக்கு மாற்றி, சில வெளியீடுகளுக்கு அதிக எடை கொடுத்துச் சராசரி எடுக்கிறது. புள்ளியே போடாத விமர்சனத்துக்கும் அங்கே ஓர் எண் கொடுக்கப்படும். ரேட் யுவர் மியூசிக் போன்ற தளங்களில் ரசிகர்களே அரை நட்சத்திரம் முதல் ஐந்து வரை போடுவார்கள். ஷூகேஸை விரும்பித் தேடுபவர்கள் அங்கே கூடுதலாக இருப்பதால் அங்கே வரும் புள்ளி பொதுமக்களின் புள்ளி ஆகாது.

தென்கொரியாவின் பரனூலைப் பாருங்கள். பெயரையும் முகத்தையும் வெளியே சொல்லாத ஒருவர், சியோலில் ஓர் அறையில், பெரும்பாலும் கணினி வாத்தியங்களை வைத்துச் செய்த ஆல்பம் 2021 பெப்ரவரியில் பேண்ட்கேம்ப் என்ற இசைத் தளத்தில் வந்தது. முதலில் தூக்கியது ரசிகர் தளங்கள், விமர்சகர்கள் பின்னால்தான் வந்தார்கள். நான் எண்ணை விட்டுவிட்டு எழுத்தைத்தான் வாசிப்பேன். எந்தப் பாட்டின் எந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று ஒரு வரியாவது இருந்தால், அவர் 5 போட்டிருந்தாலும் அது உதவும்.

எங்களைப் பற்றி எழுதினவை எல்லாரும் மை பிளடி வேலன்டைன் மாதிரி எண்டுதான் எழுதுகினம். அது பாராட்டா, பழியா?

இரண்டும் இல்லை. வாசகருக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று காட்டும் ஒரு கைகாட்டி. பெடல் நிறையப் பாவிக்கும் எந்தப் புதுக் குழுவுக்கும் இந்த ஒப்பீடு வரும், ஆல்வேஸுக்கும் வந்தது. அடுத்த வரியில் "ஆனால்" என்று ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அந்த "ஆனால்" எழுதும் அளவுக்கு உங்கள் பாட்டில் ஒன்று இருந்தால் போதும்.

டிக்டொக்கில ஓடினா ரசிகர்கள் கிடைச்ச மாதிரித்தானே, மச்சான்?

ஓடினால் வாசல் திறக்கும். 2022க்குப் பிறகு ஷூகேஸைப் பதின்ம வயதினரிடம் கொண்டுபோனதில் டிக்டொக்குக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்காவில் விஸ்ப் என்ற பெயரில் பாடும் இளம்பெண், இணையத்தில் கிடைத்த ஓர் இசைத்தடத்தின் மேல் பாடி 2023இல் போட்ட முதல் பாட்டே பரவி, பெரிய லேபிள் ஒன்றின் ஒப்பந்தம் வரை போனது. அதைக் கேட்டுத்தான் பலர் பின்னோக்கிப் போய் ஸ்லோடைவைக் கண்டுபிடித்தார்கள்.

ஆனால் 15 விநாடி ஒலித்த பாட்டும் முழுதாகக் கேட்ட பாட்டும் ஒன்றல்ல. ஸ்பொட்டிபையில் 30 விநாடி ஓடினால்தான் அது ஒரு ஸ்ட்ரீமாகக் கணக்கில் வரும். 2024 முதல் ஒரு பாட்டு முந்தைய 12 மாதங்களில் 1,000 ஸ்ட்ரீமாவது பெறாவிட்டால் அதற்குப் பணம் இல்லை. எங்கள் பிள்ளைகளின் ஒரு பாட்டில் குரல் வருவதற்கே முக்கால் நிமிடம் ஆகும். வெட்டச் சொல்லிப் பலர் ஆலோசனை சொன்னார்கள். வெட்ட வேண்டாம் என்பதே என் கருத்து, அந்த முக்கால் நிமிடத்தில்தான் காது அந்த ஒலிக்குப் பழகுகிறது.

நான் பார்க்கச் சொல்வது வேறு ஒரு கணக்கை. மாதத்தில் எத்தனை ஸ்ட்ரீம், எத்தனை பேர் கேட்டார்கள் என்ற இரண்டையும் குழுவின் கணக்கில் பார்க்கலாம். முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஒருவர் சராசரியாக எத்தனை தரம் கேட்டார் என்று வரும். ஒரு தரம் கேட்டுப் போன ஆயிரம் பேரைவிட, திரும்பத் திரும்ப வரும் நாற்பது பேர் இந்த இசைக்கு வேண்டியவர்கள். மேலே ஸ்லோடைவை மீட்டுக் கொண்டுவந்தவர்கள் என்று சொன்னேனே, அப்படிப்பட்ட ஆட்கள்தான் அவர்கள்.

கொழும்பில இதைக் கேக்க ஆக்கள் இருக்கினமா?

இருக்கிறார்கள், ஆனால் ஒரே இடத்தில் இல்லை. வெள்ளவத்தையில் இரண்டு பேர், கொட்டாஞ்சேனையில் ஒருவர், தெஹிவளையில் நாலு பேர் என்று சிதறி இருக்கிறார்கள். நிகழ்ச்சி என்று வந்தால் தமிழ், சிங்களம், முஸ்லிம் என்று எல்லாப் பிள்ளைகளும் வந்து நிற்பார்கள், ஏனென்றால் இந்தக் கூட்டத்தைச் சேர்ப்பது மொழி இல்லை, கிட்டார். ஸ்டிக்மாட்டா போன்ற மெட்டல் குழுக்கள் இந்த நகரத்தில் இருபது வருடத்துக்கும் மேலாக ரசிகர்களை வைத்திருக்கின்றன. சத்தமான கிட்டாருக்குக் கொழும்பில் காது இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

தமிழ் எப்.எம். அலைவரிசைகளில் பெரும்பாலும் சினிமாப் பாட்டுத்தான் போகும் என்பது உண்மை. பத்திரிகைகளின் கலைப் பக்கத்தில் நூல் வெளியீட்டையும் அரங்கேற்றத்தையும் பற்றி எழுதும் அளவுக்கு ஒரு இசைத்தொகுப்பின் ஒலியைப் பற்றி யாரும் எழுதி நான் கண்டது அரிது. இது எனக்கு உண்மையிலேயே கவலை. விமர்சனமே இல்லாத இடத்தில் பிள்ளைகளுக்குக் கிடைப்பது இரண்டுதான்: நண்பர்களின் "சூப்பர் மச்சான்", தெரியாதவர்களின் வசை. இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு பாட்டைக்கூடத் திருத்த முடியாது.

ஆனால் இந்த ஊருக்கு இது புதிதும் இல்லை. 1970களை ஒட்டி நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ.மனோகரனும் தமிழில் பொப் பாடியபோது அதற்கும் முன்மாதிரி இருக்கவில்லை. கேட்டவர்கள் பிடித்துக்கொண்டார்கள், பிறகு கடல் கடந்தும் போனது.

தமிழில பாடினா எடுபடுமா? சொல்லே கேக்காட்டி தமிழ் எண்டு எப்பிடித் தெரியும்?

கேள்விகளில் மிகக் கடினமானது இதுதான். எங்கள் காது பாட்டைக் கேட்பதற்கு முன்பே வரிகளைத் தேடும் காது. யார் எழுதினது, என்ன உவமை, பல்லவியில் என்ன சொல்கிறார் என்று பழகிவிட்டோம். ஆங்கிலப் பாட்டில் பாதிச் சொல் விளங்காவிட்டாலும் மன்னிக்கிற அதே ஆள், தமிழில் ஒரு சொல் விளங்காவிட்டால் கோபப்படுவார். எங்கள் குழுவுக்கு வந்த குறைகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். அது நியாயமற்ற குறை என்று நான் நினைக்கவில்லை. சொந்த மொழி காதில் விழுந்தும் கைக்கு அகப்படாமல் போகும்போது யாருக்கும் எரிச்சல் வரும்.

ஒலி என்று பார்த்தால் தமிழ் இதற்கு நன்றாக இடம் கொடுக்கிறது. நெடில் உயிர்களில் முடியும் சொற்கள் நிறைய. "வாராயோ", "போகாதே" போன்றவற்றை நீட்டினால் மெய் கரைந்தாலும் உயிர் நிற்கும். ல, ழ, ள, ம, ன போன்ற மெல்லிய ஒலிகள் கிட்டாருக்குள் அழகாக ஊறும். வல்லினம் இரட்டிக்கும் இடங்கள்தான் சிக்கல்: "முட்டி", "பற்றி" போன்ற சொற்கள் நீண்ட ரிவேர்ப்பில் உடைந்து கேட்கும். எங்கள் பாடகி அவற்றை வரியின் கடைசியில் வைப்பதில்லை. பாடிப் பாடித்தான் அதைக் கண்டுபிடித்தார்.

கொரிய மொழி தெரியாத ஆட்கள்தான் பரனூலை உலகம் முழுக்கக் கேட்கிறார்கள். ஐஸ்லாந்தின் சிகுர் ரோஸ் பொருளே இல்லாத அசைகளை வைத்து ஒரு முழு ஆல்பம் பாடினார்கள். ஆகவே வெளியே உள்ளவர்களுக்கு மொழி தடை இல்லை. தமிழ்க் காதுக்காகச் செய்யக்கூடிய ஒன்று, பாடல் வரிகளைப் பாட்டோடு சேர்த்துப் போடுவது. வரியை ஒரு தரம் வாசித்துவிட்டுக் கேட்டவர்கள் அடுத்த தரம் சொல் கேட்கிறது என்கிறார்கள். மிக்ஸில் நான் எதையும் மாற்றவில்லை.

லைவ்ல சனம் கையைக் கட்டிக்கொண்டு நிக்குது. பிடிக்கேல்லை எண்டு அர்த்தமா?

பெரும்பாலும் இல்லை. மெரின் டிரைவ் பக்கத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் பிள்ளைகள் வாசித்தபோது முன்வரிசை முழுக்க அசையாமல் நின்றது. டிரம்ஸ் அடிப்பவனுக்கு முகமே செத்துவிட்டது. சவுண்ட் மேசை பின்னால் இருந்ததால் அவன் பார்க்காததை நான் பார்த்தேன்: கதவு திறந்தே இருந்தது, யாரும் வெளியே போகவில்லை. கடைசிப் பாட்டு முடிந்து கிட்டாரின் பீட்பேக் (ஸ்பீக்கர் ஒலி கிட்டாருக்கே திரும்பி எழும் ஊளை) மட்டும் ஓடிக்கொண்டிருந்தபோது யாரும் கை தட்டவும் இல்லை, முடிந்ததா இல்லையா என்று தெரியாததால். பிறகு பலர் பெடல்களைப் பார்க்க மேடைக்கு ஏறி வந்தார்கள். ஆட்டத்தை வைத்து அளக்க இது பைலா ஆட்டப் பாட்டு இல்லை.

சத்தத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். மை பிளடி வேலன்டைன் 2008இல் திரும்ப மேடையேறியபோது வாசலில் காதடைப்பான் கொடுத்தார்கள், அவ்வளவு சத்தம். நிகழ்ச்சி அரங்குகளில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் வரையறுத்தது. 100 டெசிபலில் பாதுகாப்பாக நிற்கக்கூடிய நேரமே கால் மணி அளவுதான் என்பது தொழில்சார் கணக்கு. நம் மண்டபங்களில் சுவரெல்லாம் வெறும் சீமெந்து, தரை ஓடு, எல்லாம் திருப்பி அடிக்கும். நான் சத்தத்தைக் குறைத்தே வைப்பேன், குழு கோபித்தாலும். காது வலித்து வெளியே போனவரின் அபிப்பிராயம் பாட்டைப் பற்றியது ஆகாது. காதடைப்பான் கொண்டு வாருங்கள்.

ஒருத்தர் எங்களைப் பற்றி மோசமா எழுதிப்போட்டார். பதில் எழுதட்டா? இல்லாட்டி எங்கட ஆக்களைக் கொண்டு நல்லா எழுதுவிக்கட்டா?

இரண்டும் வேண்டாம். பதில் எழுதினால் அந்த ஒரு பதிவுக்கு நீங்களே ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள். நண்பர்களைக் கொண்டு எழுதுவித்தால், எங்கள் கூட்டம் சின்னது, யாருக்கு யார் மச்சான் என்று எல்லாருக்கும் தெரியும். முதல் நல்ல விமர்சனமே நம்பிக்கையை இழந்துவிடும்.

எழுதியவர் பாட்டைக் கேட்டு எழுதினாரா என்று பாருங்கள் என்று ஸ்லோடைவ் கேள்வியில் சொன்னேன். கேட்டு எழுதியிருந்தால், ஒரு மாதம் கழித்து அதை எடுத்து அந்தப் பாட்டோடு சேர்த்து வாசியுங்கள். எங்கள் குழுவைப் பற்றி ஒரு அக்கா எழுதினார்: எல்லாப் பாட்டும் ஒரே வேகம், மூன்றாவதுக்கு மேல் வேறுபாடு தெரியவில்லை என்று. வாசித்த அன்று எல்லாருக்கும் கோபம். அவர் சொன்னது சரி. இப்போது ஒரு பாட்டு டிரம்ஸே இல்லாமல் இருக்கிறது.

நான் ஒரு விமர்சனம் எழுதலாம் எண்டு நினைக்கிறன், அண்ணா. எத்தனை தரம் கேக்கவேணும்?

எழுதுங்கள், தமிழிலேயே எழுதுங்கள், அதற்குத்தான் ஆள் இல்லை. ஹெட்போனில் ஒரு தரம், ஸ்பீக்கரில் ஒரு தரம், ஒரு கிழமை விட்டு இன்னொரு தரம் கேளுங்கள். இடையில் மெட்டு தானாக வாயில் வந்ததா என்று கவனியுங்கள். இரைச்சலுக்கு அடியில் பாட்டு இருக்கிறதா, இரைச்சலே பாட்டை மறைக்கும் போர்வையா என்பதைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்றே எழுதுங்கள், எந்த இடத்தில் என்று சேர்த்து எழுதுங்கள்.

அடுத்த ஆல்பத்தில கிட்டாரைக் குறைச்சு குரலைக் கூட்டினா எல்லாருக்கும் பிடிக்குமே? ஏன் பிடிவாதம்?

நல்ல கேள்வி, வரலாற்றில் பதில் ஒரே பக்கமாக இல்லை. ரைட் குழு 1994இல் பழைய பாணி ரொக்குக்குத் திரும்பியது. பழைய ரசிகர் விலகினார்கள், புதியவர்கள் வரவில்லை, 1996இல் குழு பிரிந்தது. லஷ் அதே 1996இல் தெளிவான குரலும் துள்ளலுமாக ஓர் ஆல்பம் செய்தது, அதன் தனிப்பாட்டுகள் பிரித்தானியப் பட்டியலில் முதல் 25க்குள் ஏறின. ஆல்வேஸ் எதிர்ப்பக்கம் போனது. முதல் இரண்டு ஆல்பங்களும் தெளிவான இண்டி பொப். ஐந்து வருட இடைவெளிக்குப் பிறகு 2022இல் வந்த மூன்றாவதில் இரைச்சல் கூடியது, விமர்சகர்களின் வரவேற்பும் கூடியது, அதிலிருந்து ஒரு பாட்டு கிராமி பரிந்துரை வரை போனது.

லஷ்ஷிடம் முதலிலிருந்தே மெட்டு இருந்தது, ஆல்வேஸிடமும் இருந்தது. ஆகவே கிட்டாரைக் கூட்டுவதா குறைப்பதா என்பது இரண்டாவது கேள்வி. பிள்ளைகளிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: பெடல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரு சாதாரண கிட்டாரில் ஒவ்வொரு பாட்டையும் பாடிப் பாருங்கள். அப்படியும் நிற்கிற பாட்டுகளில் குரலை நீங்கள் விரும்பிய இடத்தில் வைக்கலாம். நிற்காதவற்றைத் திரும்ப எழுதுங்கள். ஏழில் நான்கு நின்றன. மற்ற மூன்றையும் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.